மாமா செய்த தேக்குப் பெட்டி

போன மாதம் நம் குடியிருப்பில் இரண்டாவது மாடிக்காரர் தம் வீட்டுக் கூடத்தில் பொம்மை ரயில் ஓட்டிக் காட்டுகிறார் என்று எல்லாரும் போனோமே, அன்று நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஆளாளுக்கு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள். சர்க்கரை இல்லை. அவர் ஒரு பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? "இது ரொம்பப் பழைய மாடல்மா. ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனிக் கதவு பாருங்க" என்றார். அதை வாங்கியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. நாலு பேர் நடுவில் எனக்கு எப்போதுமே பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவை நெஞ்சு நோய்க்காக சானடோரியத்தில் சேர்த்திருந்தார்கள். அந்த நோயின் பேரை அந்தக் காலத்தில் யாரும் வீட்டுக்குள் உரக்கச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். அப்பாவுக்குப் பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். பெண் பிள்ளையைத் தனியாக விட்டுப் போக முடியாது என்று, கோடை லீவு விட்டதும் என்னைத் தாம்பரத்தில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார். மாமா அம்மாவுக்கு அண்ணன். ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். பயந்த மனுஷி. நான் போன அன்றே எனக்கென்று ஓர் அலுமினியத் தட்டும் டம்ளரும் எடுத்துத் தனியாக வைத்தாள். சாப்பிட்டதும் நானே கழுவிக் கொல்லைச் சுவர்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். எனக்குத் தலை பின்னும்போது, "அப்டியே இருமி கிருமி வெக்காத, அந்தாண்ட திரும்பிக்கோ" என்பாள். எனக்கு இருமலே கிடையாது. ஆனாலும் அந்த வீட்டில் தொண்டையில் ஒரு பருக்கை சிக்கினால்கூட அடக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவேன்.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவார்கள். நான் போய் நின்றால் எந்த ஜன்னலிலிருந்தாவது குரல் வரும். "ஏய், வூட்டுக்கு வா! அந்தப் பொண்ணாண்ட சேராதன்னு சொன்னேன்ல?" பிள்ளைகள் போய்விடுவார்கள். கட்டங்கள் மட்டும் இருக்கும். நான் சில்லைப் போட்டு எனக்கொரு ஆட்டம், வராத ஆளுக்கொரு ஆட்டம் என்று மாற்றி மாற்றி ஆடுவேன். வெயிலில் தரை பாதத்தைப் பொசுக்கும். பெரும்பாலும் வராத ஆள்தான் ஜெயிப்பாள்.

மாமா ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற இடத்தில் தச்சர். வேலை முடிந்து வந்ததும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் உளி, இழைப்புளியோடு உட்கார்ந்துவிடுவார். எங்கள் சபையில் யாராவது இறந்துபோனால் அடக்கத்துக்குப் பெட்டி செய்து கொடுப்பதும் மாமாதான். கோயிலிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று, "அண்ணே, ஒரு பெட்டி சொல்லச் சொன்னாங்க" என்பார். மாமா யாருக்கு என்று கேட்டுவிட்டுப் பலகை பார்க்கப் போவார். ஆக, அந்த வீட்டில் பெட்டி என்றால் ரயிலுக்கும் அதே பேர், கல்லறைக்கும் அதே பேர். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இரண்டிலும் ஆட்கள் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு மத்தியானம் அம்மாவைப் பார்க்கப் போவோம். ரயிலில் ஒரு ஸ்டேஷன்தான். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் என்னை நிற்க வைத்துவிட்டு மாமாவும் அத்தையும் உள்ளே போவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பரந்த மண்தரை. அதற்கும் அப்பால் நீளமான தாழ்வாரம். நல்ல காற்று படட்டும் என்று கட்டில்களைத் தாழ்வாரத்திலேயே போட்டிருப்பார்கள். அம்மா எழுந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. புடவைத் தலைப்பை எடுத்து ஆட்டுவாள். நான் என் பாவாடையைப் பிடித்து ஆட்டுவேன். அவள் எத்தனை தரமோ அத்தனை தரம் நானும். எங்களுக்குள் பேச்சு அதுதான். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓட்டுவேன்.

ஒரு நாள் மாமா சைக்கிளில் பழைய தேக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்தார். பழங்காலத்துப் பெட்டி ஒன்றைக் கழித்து உடைத்தார்களாம், கேட்டு வாங்கி வந்தாராம். கறுத்துக் கிடந்த பலகையை இழைக்க இழைக்க உள்ளேயிருந்து தேன் நிறம் வந்தது. சுருள் சுருளாக என் மடியில் விழுந்தது.

"உங்கம்மா ரயில்ல பொறந்தவ, தெரியுமா உனக்கு?" என்றார் மாமா.

தெரியாது என்று தலையாட்டினேன்.

"இந்த மாதிரிப் பெட்டிலதான். இதுல ஒரு ரூம்லேர்ந்து அடுத்த ரூமுக்கு வழி கெடையாது. எல்லாம் வெளிக்கதவுதான். எங்கம்மா பொம்பளைங்க ரூம்ல ஏறிட்டாங்க. ஆம்பளப் புள்ளன்னு என்னைய அடுத்த ரூம்ல எங்கப்பாவோட ஏத்திட்டாங்க. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினதும் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எங்கப்பா கண்ண மூடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு. நான் பலகைச் செவுத்துல காத வெச்சு நின்னேன். திடீர்னு சத்தமே இல்ல. அப்புறம் கீச்சுனு ஒரு கொரல். அதான் உங்கம்மா. வண்டி நின்னதும் குதிச்சு ஓடி அந்தக் கதவத் தொறந்தேன். செவப்பா எலிக்குஞ்சு மாதிரி கெடந்தா."

"அந்தப் பெட்டியத்தான் இப்ப செய்யப்போறீங்களா?" என்று அத்தை அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஆமா. அவகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. கண்ணால பாக்கணும். பாத்தான்னா எழுந்து உக்காந்துடுவா."

அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துச் செய்தார். செங்குத்தாக நிறுத்தி வைத்தால் என் தோள் உயரம் வந்தது. வரிசையாகக் கதவுகள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜன்னல். ஜன்னலுக்கு மூங்கிலைச் சீவிச் செய்த அடுக்குத் தட்டி, ஏற்றி இறக்கலாம். கீழே பெட்டி நீளத்துக்கும் மிதிபலகை. வளைந்த கூரைமேல் துணியை ஒட்டி வெள்ளை அடித்தார். கூரையில் அங்கங்கே சின்ன மூடிகள் வைத்தார். அந்தக் காலத்தில் சாயங்காலமானால் ஓர் ஆள் கூரைமேல் நடந்து வந்து, மூடியைத் திறந்து எண்ணெய் விளக்கை உள்ளே இறக்குவானாம். பழைய பித்தளைத் தகட்டை வெட்டிக் கதவுக்குக் கைப்பிடி செய்தார். சோளமணி அளவுதான் இருக்கும். அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினது நான். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பாலிஷைப் பஞ்சில் தொட்டு மாமா தடவும்போது அந்த வாசனை மூக்கில் ஏறும். இப்போதும் யார் வீட்டிலாவது புதுக் கதவுக்குப் பாலிஷ் போட்டால் நான் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

பெண்கள் அறையில் வைக்க நான் ஒரு புளியங்கொட்டையைத் துணிக்கிழிசலில் சுற்றி எடுத்துப் போனேன்.

"யாரு இது?"

"அம்மா."

மாமா அதை வாங்கி உள்ளே பெஞ்சின்மேல் வைத்தார். "சரி, கதவ நீயே சாத்து" என்றார். தாகம் எடுத்தால் அவர் என் அலுமினிய டம்ளரில் மிச்சம் இருக்கிற தண்ணீரை எடுத்துக் குடிப்பார், அத்தை பார்க்காத சமயமாகப் பார்த்து.

ஒரு ஞாயிறு மாமாவுக்கு வேலை இருந்தது. அத்தையும் நானும் மட்டும் போனோம். திரும்பி வரும்போது ரயிலில் அத்தை என் காதருகே குனிந்தாள். அப்படி என் பக்கத்தில் அவள் குனிந்ததே அதிசயம்.

"உங்க மாமாவாண்ட சொல்லாத. நான் உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். இன்னா பண்றது, என் வாயி சும்மா இருக்க மாட்டேங்குது. ஆனா முழுசா சொல்லல. உங்கண்ணன் உனக்குன்னே தேக்குல ஒரு பெட்டி செஞ்சுகினு கீறாரு, பித்தளைக் கைப்பிடி இன்னா, பாலிஷ் இன்னா, உனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சு வெச்சிகினு கீறாருன்னேன். அவ்ளோதான். ரயிலுன்னு சொல்லல. அத அவரே சொல்லிக்கட்டும்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"எப்ப முடியும்னு கேட்டா. முடியப்போவுதுன்னேன்."

இதைப் படிக்கிற உங்களுக்குப் புரிந்துவிட்டது. அன்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா தூணருகே வரவில்லை. நான் பாவாடையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த முதுகுதான் தெரிந்தது. உள்ளே போய் வந்த மாமாவின் முகம் வெளுத்திருந்தது. பாலையும் முட்டையையும் ஒதுக்கிவிடுகிறாளாம். ஊசி போட வந்தால் கையை இழுத்துக்கொள்கிறாளாம். படம் பிடித்ததில் நெஞ்சு தெளிந்துகொண்டுதான் வருகிறது, சாப்பிடாவிட்டால் மருந்து மட்டும் என்ன செய்யும் என்று டாக்டர் கேட்டாராம். கிளம்புகிற நேரத்தில் வார்டு ஆயா வேலியோரம் வந்து அத்தையிடம் அம்மா சொன்னதைச் சொன்னாள். பச்சைப் புடவையைக் கிழித்துப் பாப்பாவுக்குப் பாவாடை தைக்க வேண்டுமாம். டிரங்கு பெட்டிக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் புடவையை எடுத்து வெளியே வைக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆம்பிளை அழுது நான் பார்த்ததில்லை. அம்மா செத்துப்போவாளா என்று யாரிடம் கேட்பது? அத்தையிடம் கேட்க பயம். அப்பா வந்தபோது அவர் சட்டையின் தோல் வாடையை மோந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

புள்ள பார்க்க வேண்டாம் என்று அதற்குப் பிறகு என்னை வீட்டிலேயே விட்டுப் போனார்கள். வேலிக்கு வெளியே யாரும் இல்லாததைக் கண்டு அம்மா, "பாப்பா எங்கே அண்ணி?" என்று கேட்டிருக்கிறாள். நீ இருக்கிற கோலத்தைப் பார்த்தால் பயந்துவிடும் என்று சொல்ல அத்தைக்கு மனசு வரவில்லை. "அதுக்கு ஒடம்பு சொகமில்ல" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

மாமா பெட்டியை அவசர அவசரமாக முடித்தார். கண் திறந்திருக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்றார். "பொண்ணையும் கூட்டினு வா. கடைசியா ஒரு தரம் பாத்துக்கட்டும்" என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. பாலிஷ் இன்னும் சரியாகக் காயவில்லை. தூசி படியுமே என்று தம் வெள்ளை வேட்டியால் பெட்டியைச் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டார்.

ரயிலில் நல்ல கூட்டம். எங்களைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பாத்தியா, எவ்ளோ மரியாத" என்று மாமா அத்தையிடம் முணுமுணுத்தார். கூடைக்கார அம்மா ஒருத்தி என் தலையைத் தடவி, "உன் தங்கச்சியா கண்ணு?" என்று கேட்டாள். எனக்குத் தங்கச்சி இல்லையே என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பதில் சொல்ல வாய் வருவதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

நான் புளியமரத்தடியில் நின்றேன். மாமா வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மண்தரையில் நடந்தார். பின்னால் அத்தை. தாழ்வாரத்தில் யாரோ அம்மாவைத் தொட்டு எழுப்பினார்கள். அம்மா திரும்பிப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். மாமா சொன்ன மாதிரியே எழுந்து உட்கார்ந்துவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம்.

அடுத்த நிமிஷம் ஒரு குரல் வந்தது. அது அம்மாவின் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து குதித்து, தாழ்வாரத்துப் படியில் உருண்டு, எழுந்து ஓடி வந்தாள். செருப்பில்லை, முடி அவிழ்ந்து கிடந்தது. நேராக வந்து மாமாவின் தோளிலிருந்த பெட்டியைப் பிடித்து இழுத்தாள். "எம் பொண்ணு! எம் பொண்ணக் கொண்ணுட்டீங்களா!" மாமா பயந்துபோய்ப் பெட்டியைத் தரையில் இறக்கினார். அம்மா வேட்டியைக் கிழித்துத் தள்ளினாள். உள்ளே ஜன்னல்கள் இருந்தன, கதவுகள் இருந்தன, மிதிபலகை இருந்தது. அவள் ஒரு கதவின்மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

"இன்னாது இது?"

"நீ பொறந்த பெட்டிம்மா" என்றார் மாமா. "ரயில் பெட்டி."

"எம் பொண்ணு எங்க?"

மாமா வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

அம்மா அங்கேயிருந்து வேலிக்கு ஓடி வந்தாள். கம்பி இடைவெளியில் இரண்டு கையையும் விட்டு என் தலையைப் பிடித்து இழுத்தாள். என் கன்னம் கம்பியில் அழுந்தியது. நெற்றி, கண், மூக்கு என்று பார்க்காமல் முத்தம் கொடுத்தாள். பினாயில் வாசனையும் எண்ணெய் காணாத தலைமுடி வாசனையும் வந்தது. மூச்சு இரைத்து இருமல் வந்தபோதுகூட என்னை விடவில்லை. நான் அந்தக் கோடை முழுவதும் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அங்கேதான் அழுதேன்.

சிஸ்டர் வந்து அம்மாவை மெதுவாகப் பிரித்து உட்கார வைத்தார். பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"நான் இன்னா தப்பா சொன்னேன்?" என்று அத்தை அழுதாள். "தேக்குன்னு சொன்னேன், பாலிஷுன்னு சொன்னேன், கைப்பிடின்னு சொன்னேன்..."

"எல்லாம் சொன்னீங்க அண்ணி! ரயிலுன்னு ஒரு வார்த்த வாயில வரலியா? ஊருக்கெல்லாம் பெட்டி செய்ற மனுஷன் எனக்குத் தேக்குல பெட்டி செய்றாருன்னா நான் என்னன்னு நெனப்பேன்? டாக்டரு உங்ககிட்ட உண்மையச் சொல்லிட்டாரு, என்கிட்ட மறைக்கிறீங்கன்னுதானே படுத்துட்டேன்!" சொல்லிக்கொண்டே மாமாவின் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். மாமா அடியை வாங்கிக்கொண்டு சிரித்தார். "அடி, நல்லா அடி. இவ்ளோ தெம்பு கீதுல்ல உனக்கு?" என்றார். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிஸ்டர் பால் கொண்டுவரச் சொன்னார்.

உள்ளே போன சாமான் வெளியே வரக் கூடாது என்பது அப்போது வழக்கம். பெட்டி அங்கேயே தாழ்வாரத்தில் ஒரு முக்காலிமேல் இருந்தது. நோயாளிகள் ஜன்னல் தட்டியை ஏற்றி இறக்கி விளையாடுவார்களாம். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. மாமாவும் இன்னொன்று செய்யவில்லை. புளியங்கொட்டை உள்ளேயே இருந்திருக்கும்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. அந்த வாரமே எனக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. வேலியில் நடந்ததால்தான் என்று அத்தை என் பாயைக் கூடத்திலிருந்து எடுத்துக் கொல்லைப்புற அறையில் போட்டாள். என்னையும் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, வெறும் சளி. ஆனால் படம் பிடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி அம்மாவுக்குப் போய்விட்டது. ஒன்றுமில்லை என்ற செய்தி போவதற்குள் அம்மா மறுபடி தூக்கத்தை விட்டிருந்தாள். என் கையால் என் பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டேன் என்று ஆயாவிடம் சொல்லிப் புலம்பினாளாம்.

மருந்தும் ஊசியும் வேலை செய்தன. அடுத்த வருஷம் மழை ஓய்ந்ததும் அம்மா பம்மல் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். டாக்டர் பயமில்லை, சேர்ந்து இருக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியே அனுப்பினார். அப்பா அதை அம்மாவிடம் எத்தனையோ தரம் சொன்னார். அம்மா சரி சரி என்பாள். அவளால் குடம் தூக்க முடியாது, புகையில் நிற்க முடியாது. ஐந்தாவது முடிந்ததும் நான் வீட்டோடு நின்றுவிட்டேன். சமையல் நான், துணி நான். ஒரே வீட்டில் இருந்தோம். என் பிள்ளைகள் பிறந்தபோதும் தொட்டிலில் போடச் சொல்லிவிட்டு வாசற்படியில் நின்றுதான் பார்த்தாள். நிறைய காலம் இருந்தாள், பல் எல்லாம் விழுகிற வரைக்கும். வேலிக் கம்பிக்கு நடுவே அன்று பிடித்தாளே, அதற்குப் பிறகு என்னை அவள் தொட்டதே இல்லை. அவளுக்கு என்மேல் பிரியம் போய்விட்டது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வீடு வந்த அன்று மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா அவளை உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் ஓடி வந்தேன். அம்மா உள்ளங்கையை நீட்டினாள்.

"அங்கயே நில்லு கண்ணு. அங்கேர்ந்தே பேசு."

நான் இந்தச் சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் அந்தச் சுவரோரம். நடுவில் சிமெண்டுத் தரை. அப்பா வாங்கி வைத்திருந்த சாத்துக்குடியில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தரையில் என் பக்கமாக உருட்டிவிட்டாள். அது என் பாதத்தில் வந்து முட்டியது. எடுத்தேன். அம்மாவின் உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது. உரிக்க மனசு வரவில்லை. ஆறிப்போனதும் திருப்பி உருட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டே அதைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்து, மறுபடி என் பக்கம் உருட்டினாள்.